அலுவலகக் கணினியில் தன்னார்வக் கணிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஸ்டம் அட்மினாக வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. டீக்கடையில் கேட்பார்கள், வாட்ஸாப்பில் கேட்பார்கள், சில நேரம் இரவு பதினொரு மணிக்கு ஃபோன் போட்டும் கேட்பார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வீட்டுக் கணினியில் ஓட்டுவது பற்றி இதில் ஒன்றும் இல்லை. அங்கே கரண்ட் பில் கட்டுபவரிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

தன்னார்வக் கணிமை என்றால் என்ன?

பெரிய கணக்கு ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, உலகம் முழுக்க உள்ள சாதாரண ஆட்களின் கணினிகளுக்கு அனுப்பி, விடையைத் திரும்ப வாங்கிச் சேர்ப்பது. கணினிக்காரர் ஒரு நிரலை நிறுவினால் போதும். அது தானே வேலையை இறக்கிக்கொள்ளும், முடித்ததும் தானே அனுப்பிவிடும்.

ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய கிம்ப்ஸ் இந்த வகையில் மூத்தது. மெர்சேன் பகா எண்களை (2-ஐ 2-ஆல் பலமுறை பெருக்கி 1 கழித்தால் வரும் பகா எண்கள்) தேடும் திட்டம் அது, இன்றும் நடக்கிறது. 1997-ல் ரகசியக் குறியீடுகளை உடைத்துப் பார்க்கும் போட்டிகளுக்காக டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் வந்தது. ஊரறிய ஆக்கியது 1999 மே 17 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய செட்டி@ஹோம். (காரைக்குடிப் பக்கம் தேட வேண்டாம். வேற்றுக்கிரக அறிவைத் தேடும் திட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் அது.) அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த சமிக்ஞைகளில் யாராவது பேசுகிறார்களா என்று லட்சக்கணக்கான கணினிகள் தேடின. 2020 மார்ச் இறுதியில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் குழுவின் டேவிட் ஆண்டர்சன் உருவாக்கிய பாயிங்க் என்ற மென்பொருள்தான் இன்று பல திட்டங்களுக்குப் பொதுவான அடித்தளம். புரதங்கள் எப்படி மடிகின்றன என்று ஆராய 2000-ல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த ஃபோல்டிங்@ஹோம் மட்டும் தனக்கென்று வேறு மென்பொருள் வைத்திருக்கிறது.

கணினி சும்மாதானே கிடக்கிறது? யாருக்கு என்ன நஷ்டம்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். 1999-ல் இதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. அப்போதைய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இழுக்கும் மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. திரையில் ஸ்க்ரீன்சேவர் ஓடுவதற்குப் பதில் ஆராய்ச்சி ஓடட்டுமே என்றால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

இப்போது கதை மாறிவிட்டது. இன்றைய சிபியு (கணினியின் மையச் செயலி) வேலை இல்லாத நேரத்தில் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறது. வேலை கொடுத்தால் எழுந்து உட்கார்ந்து மின்சாரத்தை இழுக்கும். ஆகவே “சும்மா கிடக்கும் சக்தி” என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, நாம் ஓட்டாவிட்டால் செலவே ஆகாத சக்தி. அதை அறிவியலுக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான், நானும் கொடுக்கிறேன். ஆனால் அது நன்கொடை. இன்னொருவர் பணத்தில் நன்கொடை கொடுக்கும்போது அவரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி எவ்வளவுதான் கரண்ட் ஆகும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். அளவுகள் கணினிக்குக் கணினி மாறும் என்பதால் இதை ஓர் உதாரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலக மேசைக் கணினி ஒன்று சும்மா இருக்கும்போது 30 வாட், முழு மூச்சில் ஓடும்போது 90 வாட் இழுக்கிறது என்று வைப்போம். கூடுதல் 60 வாட். ஒரு நாளைக்கு 9 மணிநேரம், மாதம் 25 நாள் என்றால் 13.5 யூனிட். 40 கணினிக்கு 540 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் மாதம் 5,400 ரூபாய்.

இரவிலும் ஓடட்டும் என்று அணைக்காமல் விட்டால் கணக்கு வேறு. அணைந்திருக்க வேண்டிய கணினி என்பதால் 90 வாட்டும் கூடுதல்தான். 15 மணிநேரம், 30 நாள் என்றால் ஒரு கணினிக்கு 40.5 யூனிட். 40 கணினிக்கு 1,620 யூனிட், அதாவது 16,200 ரூபாய். “ராத்திரி ஓட்டினால் யாருக்கும் தொந்தரவு இல்லை” என்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

அப்புறம் ஏசி. கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வந்து விழுகிறது. 40 கணினிகளின் கூடுதல் 60 வாட்டைச் சேர்த்தால் 2.4 கிலோவாட். ஒரு டன் ஏசி முழுத்திறனில் ஓடினால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். பகலில் ஓட்டினால் முக்கால் டன் ஏசிக்கு நெருக்கமான வேலையைப் புதிதாகக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். குளிர்நாட்டு அலுவலகத்தில் அந்தச் சூடு ஹீட்டர் செலவைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும். மே மாதத்து மதுரையில் அந்தச் சமாதானத்துக்கு வழியில்லை.

யூபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். கணினிகள் எல்லாம் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அரைமணி தாங்க வேண்டிய பேட்டரி பத்து நிமிடத்தில் கைவிரிக்கும்.

கேட்காமல் ஓட்டினால் என்ன ஆகிவிடும்? யாருக்குத் தெரியும்?

தெரிந்துவிடும். அமெரிக்காவில் நடந்த நான்கு கதைகளைச் சொல்கிறேன்.

1998-ல் யூஎஸ் வெஸ்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியர் ஒருவர் 2,585 கணினிகளைப் பகா எண் தேட வைத்தார். வாடிக்கையாளர் கேட்கும் தொலைபேசி எண்ணைச் சில விநாடிகளில் எடுத்துத் தர வேண்டிய கணினிகள் ஐந்து நிமிடம் வரை இழுத்தடித்ததாக அப்போது செய்தி வந்தது. எஃப்பிஐ விசாரணைக்கு வந்தது. கெட்ட நோக்கம் ஒன்றும் இல்லை, கணித ஆர்வம்தான் காரணம்.

பரவலாகப் பேசப்பட்டது ஜார்ஜியா மாநிலத்தின் டீகால்ப் தொழில்நுட்பக் கல்லூரி வழக்கு. அங்கே இருந்த கணினி நிர்வாகி 1999-ல் கல்லூரிக் கணினிகளில் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் நிரலை நிறுவினார். நெட்வொர்க் பயன்பாட்டுக்கு விநாடிக்கு 59 சென்ட் என்று விலை போட்டு, நான்கு லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்றது அரசுத் தரப்பு. அந்த நிரல் நெட்வொர்க்கில் அனுப்பும் தரவு எவ்வளவு சின்னது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சிரிப்பை வரவழைக்கும். ஆனால் குற்றச்சாட்டுகளைக் கூட்டினால் 120 வருடம் வரை சிறை என்ற நிலையில் நிற்பவருக்குச் சிரிப்பு வராது. 2002 ஜனவரியில் சமரசமாக முடிந்தது: ஒரு வருட நன்னடத்தைக் காலம், 2,100 டாலர், 80 மணிநேரச் சமூக சேவை. தண்டனை சின்னதுதான். அதற்கு முன்னால் வழக்கறிஞர் செலவும் தூக்கமில்லாத இரவுகளும் இருந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2004-ல் ஒஹாயோ மாநில அரசுத் துறை ஒன்று, சர்வரில் செட்டி@ஹோம் ஓட்டிய நிரலாளரை வேலையிலிருந்து நீக்கியது. 2009-ல் அரிசோனாவின் ஹிக்லி பள்ளி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிக் கணினிகளில் அதே நிரல் பல வருடமாக ஓடியது வெளியே வந்தது. மின்சாரம், தேய்மானம் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்றது நிர்வாகம். ஐடி பொறுப்பாளர் பதவி விலகினார்.

இந்தத் தொகைகளை நான் நம்புகிறேனா என்றால், இல்லை. கோபத்தில் இருக்கும் நிர்வாகம் போடும் கணக்கு எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கைப் போடும் பென்சில் அவர்கள் கையில் இருக்கிறது.

நான்தான் ஐடி நிர்வாகி. நான் யாரிடம் கேட்க வேண்டும்?

மேலே சொன்ன நான்கு கதைகளையும் திரும்பப் பாருங்கள். மாட்டியவர்கள் எல்லாருமே கணினிப் பக்கம் வேலை பார்த்தவர்கள். கணக்குப் பிரிவு ஊழியர் தன் மேசைக் கணினியில் ஓட்டினால் ஒரு கணினி, ஒரு எச்சரிக்கை, அதோடு முடிந்தது. நாம் ஓட்டினால் ஒரே இரவில் இருநூறு கணினி. அட்மின் பாஸ்வேர்ட் நம்மிடம் இருப்பது பராமரிக்க. வாட்ச்மேனிடம் கட்டடத்தின் எல்லாச் சாவியும் இருக்கிறது என்பதற்காக மாடியை அவர் வாடகைக்கு விட முடியுமா?

உங்கள் மேலதிகாரி, மின்கட்டணம் யார் பட்ஜெட்டில் போகிறதோ அவர், பாதுகாப்புக் குழு தனியாக இருந்தால் அவர்கள். இந்த மூவரும் எழுத்தில் சரி சொல்ல வேண்டும்.

நம் ஊர்ச் சட்டம் இதை எப்படிப் பார்க்கும்?

நான் வழக்கறிஞன் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000: கணினியின் உரிமையாளரிடமோ பொறுப்பாளரிடமோ அனுமதி பெறாமல் அதை அணுகுவது, அதன் செயல்பாட்டைக் குலைப்பது போன்றவற்றுக்கு 43-ஆம் பிரிவின்படி நஷ்ட ஈடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு வரும். மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு உதவ நினைத்தவர்மேல் வழக்கு வரை போவார்களா என்றால், பொதுவாகப் போக மாட்டார்கள் என்பதுதான் என் எண்ணம். வேலைக்குச் சேரும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டோமே, கணினிப் பயன்பாட்டு விதிமுறை, அந்தத் தாளே போதும் வேலையை விட்டு அனுப்ப.

கேட்டுச் செய்தவர்கள் யாராவது உண்டா?

நிறைய உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகக் கணிதத் துறையில், ஆய்வகத்தின் 75 கணினிகளில் கிம்ப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2008 ஆகஸ்ட்டில் அவற்றில் ஒன்று 1,29,78,189 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைக் கண்டுபிடித்தது. ஒரு கோடி இலக்கத்தைத் தாண்டிய முதல் பகா எண்ணுக்காக எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு ஒதுக்கி வைத்திருந்த ஒரு லட்சம் டாலர் பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

மத்திய மிசௌரி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கர்ட்டிஸ் கூப்பர் கதை இன்னும் சுவையானது. வளாகக் கணினிகளில் ஓட்டியே 2005, 2006, 2013, 2016 என்று நான்கு முறை சாதனை எண்களைப் பிடித்தார். கடைசியான 2,23,38,618 இலக்க எண்ணைக் கணினி 2015 செப்டம்பரிலேயே கண்டுபிடித்துவிட்டது. தகவல் மனிதர் கண்ணுக்குப் படாமல் 2016 ஜனவரி வரை அப்படியே கிடந்தது. லாட்டரிச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்ட மாதிரி.

இன்னொன்று. வானத்துச் சமிக்ஞைகளைச் சலிக்கும் ஐன்ஸ்டைன்@ஹோம் திட்டம் 2010-ல் அறிவித்த முதல் புதிய பல்சரை (வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை வீசும் நட்சத்திரம்) கண்டுபிடித்த இரண்டு இடங்களில் ஒன்று அமெரிக்காவின் அயோவாவில் ஒரு வீடு. மற்றொன்று ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இசையும் கணினியும் சேர்ந்த ஒரு துறையின் கணினி. வானியலோடு துளியும் தொடர்பில்லாத துறை.

ஜார்ஜியாக் கல்லூரியில் நடந்ததும் லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததும் செயலளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கல்வி நிறுவனக் கணினிகள், ஓய்வு நேரம், எண்களைச் சலிக்கும் நிரல். ஓரிடத்தில் நீதிமன்றம், இன்னோரிடத்தில் பரிசு.

அனுமதி எப்படிக் கேட்பது?

முதலில் என்னென்ன செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். வேற்றுக்கிரகவாசி, பல்சர் என்று தொடங்காதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் ஃபினான்ஸ் மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இது வைரஸா தம்பி?” என்றார். இரண்டாவது முறை ஒரு பக்கத் தாளோடு போனேன். செலவை முதல் வரியிலேயே எழுதினேன். ஏறக்குறைய இப்படி:

“மதிப்பிற்குரிய ஐயா, புற்றுநோய் போன்ற நோய்கள் குறித்த ஆராய்ச்சிக்கு நம் அலுவலகக் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. ஐந்து கணினிகளில் ஒரு மாதம் மட்டும் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். கூடுதல் மின்செலவு மாதம் 700 ரூபாய்க்குள் இருக்கும். மீட்டர் வைத்து அளந்து அறிக்கை தருகிறேன். ஊழியர் கணினியைத் தொட்டதும் நிரல் நின்றுவிடும். நம் கோப்புகள் எதையும் அதற்குத் திறந்து கொடுக்கப்போவதில்லை. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அன்றே எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிடுவேன். பாதுகாப்புக் குழுவுக்கும் இதன் நகல் அனுப்பியுள்ளேன்.”

பிளக்கில் செருகி அளக்கும் சின்ன மின்மீட்டரைக் கடையில் வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து “இவ்வளவுதான் ஆனது” என்று நிஜ எண்ணோடு போய் நின்றால் அடுத்த அனுமதி சுலபம். எங்கள் இடத்தில் ஐந்து கணினி பதினைந்து ஆனது. நாற்பது ஆகவில்லை. ஏசி செலவைக் காட்டி அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான்.

மேனேஜர் வாய்மொழியாக “ஓகே, பண்ணிக்கோ” என்றார். போதாதா?

போதாது. அந்த மேனேஜர் மாற்றலாகிப் போய்விடுவார். “இன்று பேசியபடி…” என்று தொடங்கி நீங்களே ஒரு மின்னஞ்சல் எழுதி, அவர் பதில் போடும் வரை காத்திருங்கள்.

எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

அலுவலகத்துக்கு மருத்துவ ஆராய்ச்சிதான் எளிது. காரணம் அறிவியல் அல்ல, விளக்கம் சொல்வது சுலபம். வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டை 2004-ல் ஐபிஎம் தொடங்கியது. 2021-ல் டொரொன்டோவின் க்ரெம்பில் ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ரொசெட்டா@ஹோம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகத்திலிருந்து பிறந்தது. 2024-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இதை மேலாளரிடம் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். ஃபோல்டிங்@ஹோமுக்கு 2020 கொரோனாக் காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் சேர்ந்து, அதன் மொத்தத் திறன் எக்ஸாஃப்ளாப் அளவைத் தாண்டியது, அதாவது விநாடிக்கு, ஒன்றுக்குப் பின் 18 சைபர் போட்ட எண்ணிக்கையில் கணக்குகள்.

ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு வேலைத்துண்டு எவ்வளவு நேரம் ஓடும், கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய, பருவநிலையைக் கணிக்கும் க்ளைமேட்ப்ரெடிக்‌ஷன்.நெட் மாதிரி நீளமான வேலை கொடுக்கும் திட்டங்கள், தினமும் மாலை ஆறு மணிக்கு அணையும் கணினிக்குச் சரிப்படாது. இன்னொரு கண்ணி: கல்லூரி ஆய்வகங்களில், கணினியை மறுபடி இயக்கினால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும்படி ஒரு மென்பொருள் போட்டிருப்பார்கள். அங்கே பாயிங்க் ஓட்டினால் தினமும் வேலையை வாங்கி, தினமும் தொலைத்துக்கொண்டிருக்கும். கெடு முடிந்த பிறகு திட்டத்தின் சர்வர் அதை வேறு யாருக்காவது திரும்ப அனுப்ப வேண்டும். உதவி என்ற பெயரில் உபத்திரவம்.

திட்டங்களைத் தேர்ந்தெடுக்கவே சோம்பலாக இருந்தால் சயின்ஸ் யுனைடெட் என்று ஒன்று இருக்கிறது. துறையை மட்டும் சொன்னால் திட்டங்களை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அமைப்புகளில் எதை மாற்ற வேண்டும்?

பாயிங்க்கை நிறுவியதும் இருக்கும் அமைப்பு வீட்டுக்கு ஏற்றது. அலுவலகத்தில் இப்படி வைக்கிறேன்:

கணினி பயன்பாட்டில் இருக்கும்போது ஓடவே கூடாது. விசைப்பலகையையும் மவுஸையும் தொட்டு 15 நிமிடம் ஆன பிறகே தொடங்க வேண்டும். தானாக இருக்கும் மூன்று நிமிடம் குறைவு. ஒருவர் ஃபோனில் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் மின்விசிறி கத்தத் தொடங்கியிருக்கும். சிபியுவுக்குள் இருக்கும் கோர்களில் (தனித்தனிச் செயலிகள்) பாதி மட்டும் ஓடட்டும். பிற நிரல்கள் சிபியுவை 25 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தினால் நிற்கட்டும். பேக்கப்பும் விண்டோஸ் அப்டேட்டும் ஓடும் நேரத்துக்கு விடுமுறை.

நினைவகம் பற்றி ஒரு வார்த்தை. நிறுத்தி வைத்த வேலையை நினைவகத்திலேயே விட்டுவைக்கும் தேர்வு ஒன்று உண்டு. விட்டால் திரும்பத் தொடங்கும்போது வேலை வீணாகாது. ஆனால் 8 ஜிபி மட்டும் உள்ள கணினியில் அதை விட்டால், காலையில் எக்செல் திறப்பவர் உங்களைத்தான் திட்டுவார். அவருக்கு நிரலின் பெயர் தெரியாது, உங்கள் பெயர் தெரியும். உண்மையில் எல்லாவற்றிலும் பெரிய தலைவலி இதுதான். பாயிங்க் ஓடுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து பிரிண்டர் நின்றாலும் அதுதான் காரணம் என்பார்கள்.

கம்பெனி டேட்டா வெளியே போய்விடாதா?

இந்தக் கேள்வியைப் பாதுகாப்புக் குழு கேட்காவிட்டால் அவர்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நேர்மையான பதில்: நம் ஆவணங்களைத் தேடி எடுக்கும் வேலை இந்த நிரலுக்கு இல்லை. திட்டம் அனுப்பும் நிரல்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் வரும், அது பொருந்தாவிட்டால் பாயிங்க் ஓட்டாது. ஆனால் வெளியாள் எழுதிய நிரல் நம் கணினியில் ஓடுகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. அதனால் குறைந்த உரிமைகள் கொண்ட தனிக் கணக்கில், சர்வீஸாக (பின்னணியில் தானே ஓடும் நிரலாக) நிறுவுங்கள். விண்டோஸில் அப்படி நிறுவினால் ஜிபியு (கிராஃபிக்ஸ் செயலி) வேலைகள் ஓடாது. அலுவலகத்துக்கு அது நல்லதே.

பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. கணினியின் பெயரும் உள் ஐபி முகவரியும் திட்டத்தின் சர்வருக்குப் போகும். “சம்பளப்பிரிவு-03” என்றெல்லாம் பெயர் வைத்திருந்தால் அதுவும் போகும். பாயிங்க்கின் சிசி கான்ஃபிக் (cc_config) என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து இதைத் தடுக்கலாம்.

ஆன்டிவைரஸ் சத்தம் போட்டால் வாயை மூடச் சொல்லும் முன் யோசியுங்கள். 2024-ல் ஒரு தாக்குதல் கும்பல், மற்றவர்களின் கணினிகளில் பாயிங்க்கைத் திருட்டுத்தனமாக நிறுவி, ரொசெட்டா@ஹோம் போலவே பெயர் வைத்த போலி சர்வரோடு இணைத்தது அம்பலமானது. அதற்குப் பிறகு, எதிர்பாராத இடத்தில் பாயிங்க் தெரிந்தால் பாதுகாப்புக் குழு அதை ஊடுருவல் என்றே எடுத்துக்கொள்ளும். அவர்களிடம் முன்கூட்டியே கணினிப் பட்டியலைக் கொடுத்து வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

லேப்டாப்பில் ஓட்டலாமா?

வேண்டாம். சூடு, தூசி, பேட்டரி. வீட்டுக்கு எடுத்துப்போகும் கணினி என்றால் அந்தக் கரண்ட் பில் ஊழியருடையது.

எங்கள் ஆபீஸில் எல்லாம் கிளவுடும் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பும்தான். அங்கே?

கண்டிப்பாக வேண்டாம். விர்ச்சுவல் கணினி என்பது ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி. அது “சும்மா” இருக்கும்போது அதன் பங்கை அதே சர்வரில் இருக்கும் மற்றவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இருபது விர்ச்சுவல் கணினியும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடினால் அந்த சர்வர் படுத்துவிடும். கிளவுடில் குறைந்த விலைக் கணினிகள் பல, ஓய்வு நேரத்தில் சிபியு வரவைச் சேமித்துத் தேவைப்படும்போது செலவழிக்கும் முறையில் இயங்குகின்றன. இரவில் அந்த வரவைத் தீர்த்துவிட்டால், காலையில் நிஜ வேலைக்கு வேகம் இருக்காது, இல்லையென்றால் கூடுதல் பில் வரும். இங்கே ஓய்வு நேரம் என்ற ஒன்றே கிடையாது.

எங்கள் நிறுவனத்துக்கே கணக்கிடும் வேலை நிறைய இருக்கிறது. ஓய்வுக் கணினிகளை நாமே பயன்படுத்த முடியாதா?

தாராளமாக. எச்டி காண்டார் என்ற மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் 1980-களில் பிறந்தது, வெறும் காண்டார் என்ற பெயரில். வளாகத்தில் ஆளில்லாமல் கிடக்கும் கணினிகளைத் தேடிப் பிடித்து வேலை கொடுக்கும். உரியவர் வந்து உட்கார்ந்தால் வேலையைத் தூக்கிக்கொண்டு வேறு கணினிக்குப் போய்விடும். பொறியியல் கல்லூரிகள் இதைப் பரிசீலிக்கலாம். பாயிங்க்குக்கு அனுமதி மறுக்கும் கல்லூரி முதல்வர்கூட இதற்குத் தலையாட்டுவார்.

கிரிட்காயின் என்று பணம் கிடைக்குமாமே?

பாயிங்க் வேலைக்குப் பலனாகக் கொடுக்கும் மறைநாணயம் (கிரிப்டோகரன்சி) அது. வீட்டில் என்றால் உங்கள் விருப்பம். அலுவலகக் கணினியில், உங்கள் சொந்தக் கணக்குக்கு, ஒரு பைசா பெறுமான நாணயம் வந்தாலும் “ஆராய்ச்சிக்கு உதவினேன்” என்ற வாதம் அங்கேயே செத்துவிட்டது. முன்பு சொன்ன 66-ஆம் பிரிவின் “நேர்மையற்ற நோக்கம்” என்ற சொற்களை நினைவில் வையுங்கள்.

முடித்த வேலைக்குத் திட்டங்கள் புள்ளி கொடுத்துப் பட்டியல் போடும். அந்தப் புள்ளிப் பட்டியல் மோகமும் இதற்குத் தூரத்து உறவுதான். நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு, ஒரு அணி என்று வையுங்கள். தன் பெயர் பட்டியலில் மேலே ஏறுவதைப் பார்த்துப் பழகியவருக்கு, மூடிய அறையில் கிடக்கும் பழைய சர்வர்கூட ஒரு வாய்ப்பாகத் தெரியத் தொடங்கும். எனக்கும் தெரிந்தது, ஒரு தீபாவளி விடுமுறையில். தொடவில்லை.

பக்கத்து சீட்காரர் அனுமதி இல்லாமல் ஓட்டுகிறார். போட்டுக் கொடுக்கலாமா?

முதலில் அவரிடம் நேரில் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு இது தவறு என்றே தோன்றியிருக்காது.

வேலையை விட்டுப் போகிறேன். ஓடிக்கொண்டிருப்பதை என்ன செய்வது?

கடைசி வாரத்தில் எல்லாக் கணினிகளிலும் “புதிய வேலை வேண்டாம்” என்று வையுங்கள். கையில் இருப்பவை முடிந்து போய்ச் சேரும். அப்புறம் திட்டத்திலிருந்து விலக்கி, மென்பொருளை நீக்குங்கள். நிறுவனம் தொடர விரும்பினால் கணக்கின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் அடுத்தவரிடம் ஒப்படைத்து, பொறுப்பு மாற்றத் தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். நான் முந்தைய வேலையை விட்டபோது பதினான்கு கணினிகளில் நீக்கினேன். பதினைந்தாவது, ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்ததை மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து அது இன்னும் பல்சர் தேடிக்கொண்டிருப்பதைத் திட்டத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டு, அங்கே எனக்குப் பின் வந்தவருக்கு ஃபோன் போட்டேன். சிரித்துவிட்டு, “அதுதான் அந்த ரூம் மட்டும் சூடா இருக்கா அண்ணே!” என்றார்.